பதிவேட்டில் ஒரு பெயர், வயிற்றுவழி ஒரு பெயர்

இலங்கையில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் காரியப்பர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1965ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியியல் தகுதியின்மைச் சட்டத்தால் தன் ஆசனத்தை இழந்த கல்முனை உறுப்பினர் எம். எஸ். காரியப்பர், தன்னை உறுப்பினராக ஏற்கும்படி நாடாளுமன்ற எழுத்தாளருக்குக் கட்டளையிட வேண்டும் என்று நீதிமன்றம் போனார். வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை ஏறி 1967இல் அவருக்கு எதிராக முடிந்தது. நீதித்துறையின் அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்துக்கொண்டதா என்ற கேள்விக்கு இன்றும் சட்டத்தரணிகள் காட்டும் வழக்குகளில் அது ஒன்று. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்பதை மறந்தவர்களுக்கும் பெயர் நினைவிலிருக்கும். காரணம், அந்தப் பெயரை அவர்கள் வேறெங்கும் கண்டிருக்க மாட்டார்கள்.

கல்முனையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வந்தால் அக்கரைப்பற்று. கருங்கொடித்தீவு என்பது இதன் பழைய பெயர். இங்கே ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால், மாப்பிள்ளையின் தொழிலைக் கேட்பதற்கு முன்போ பின்போ ஒரு கேள்வி வந்தே தீரும்: “அவங்க என்ன குடி?” பதில் உடனே வரும். அந்தப் பதிலில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் மாப்பிள்ளையின் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் சம்பளப் பட்டியலிலும் இருக்காது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம். ஒன்று எழுதப்பட்ட, மிகச் சிலரிடம் உள்ள குடும்பப்பெயர். மற்றது எழுதப்படாத, எல்லோரிடமும் உள்ள குடிப்பெயர். ஒரு பெயர் அரிது என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதை எண்ணுகிறோம் என்ற சிக்கல் இந்த ஒப்பீட்டில் வெளியே வந்துவிடுகிறது.

முதலில் காரியப்பர். காரியம் பார்க்கும் பெரியவர், ஊர்க்காரியங்களுக்குப் பொறுப்பானவர் என்று இதைப் படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒருவரின் வேலையைச் சொன்ன பட்டம் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு குடும்பப்பெயராக இறுகுவது கிழக்கில் புதிதல்ல. வயல்காரப் பெரியவருக்குப் போடி, நிருவாகத் தலைவருக்கு வன்னியனார், பள்ளிவாசல் பொறுப்பாளருக்கு மரைக்கார் என்று பல பட்டங்கள் இருந்தன. தெற்கே சிங்களவரிடையே உள்ள காரியவசம், காரியப்பெரும என்ற குடும்பப்பெயர்களிலும் இதே காரியத்தைக் காணலாம். எம். எஸ். காரியப்பருக்கு இந்தப் பெயரோடு கேட் முதலியார் என்ற பட்டமும் இருந்தது. அது அவரோடு போயிற்று. காரியப்பர் நிலைத்துவிட்டது. எந்தப் பட்டம் பெயராக உறையும், எது ஆளோடு கரையும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியரின் பேனை எங்கே நின்றதோ அங்கே பெயரும் நின்றது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயரை இணையத்தில் தேடினால் இந்தியாவின் முதல் இந்தியத் தரைப்படைத் தளபதி கே. எம். காரியப்பாவிடம் கொண்டுபோய் விடும். 1949 ஜனவரி 15இல் அவர் பொறுப்பேற்ற நாளைத்தான் இந்தியா இராணுவ நாளாகக் கொண்டாடுகிறது. ஓசை ஒன்று என்பதற்காக உறவு தேடக் கூடாது. கன்னடத்துக் கரியப்பாவில் இருப்பது கரிய நிறம், காரியம் அல்ல. அதைவிட முக்கியமான வேறுபாடு பெயரின் அமைப்பில் உள்ளது. அவர் பிறந்த குடகர்களிடையே குலத்தின் பெயர் முன்னால் வரும். கே என்பது கோடந்தேரா என்ற அவர் குலம், எம் என்பது மாதப்பா என்ற தந்தை. காரியப்பா அவருக்கே உரிய சொந்தப் பெயர். கல்முனையில் காரியப்பர் கடைசியில் நின்று குடும்பத்தைச் சொல்கிறது, குடகில் காரியப்பா கடைசியில் நின்று ஆளைச் சொல்கிறது. பெயர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்.

முதலெழுத்துகளின் கதை இலங்கையில் இன்னும் வேடிக்கையானது. சிங்களவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆர். எம். என்ற எழுத்துகளுக்குள் ரத்நாயக்க முதியான்சலாகே என்ற முழு வாசகமும், அதாவது குடும்பத்தின் வீட்டுப்பெயரும், சுருண்டு கிடக்கும். அக்கரைப்பற்றில் ஏ. எல்., யூ. எல்., ஐ. எல். என்று தொடங்கும் பெயர்களை எடுத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் வாப்பா: அஹமது லெப்பை, உதுமாலெப்பை, இஸ்மாலெப்பை. ஒரு தலைமுறை கழிந்தால் எழுத்து மாறிவிடும். உதுமாலெப்பையின் மகன் யூ. எல். என்றால், அந்த மகனின் மகன் வேறு எழுத்துகளோடு நிற்பான். முஹம்மது என்ற பெயரின் பெருக்கத்தால் எம் என்ற எழுத்துக்கு எங்கள் பக்கம் ஓய்வே கிடையாது. சம்மாந்துறையில் பிறந்து முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய எம். எச். எம். அஷ்ரஃபின் பெயரில் அந்த எழுத்து இரண்டு முறை வருகிறது. ஆக, எழுதப்பட்ட பெயரைக் கொண்டு மூன்று தலைமுறைக்கு அப்பால் போக வழியில்லை. காரியப்பர் போன்ற ஒரு பெயர் கையில் இருப்பவர்கள் மட்டுமே அப்படிப் போக முடியும்.

குடிப்பெயரோ இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

குடி தாய்வழியாக வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளைகள் எல்லோரும் அந்தக் குடி. மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனும் அந்தக் குடிதான், ஆனால் அவனால் கொடுக்க முடியாது. அவன் பிள்ளைகள் அவன் மனைவியின் குடி. குடிக்குள்ளேயே கிளைகளைப் பிரித்துக் காட்ட வயிற்றுவார் என்று ஒரு சொல் உண்டு. ஒரே மூதாட்டியின் வயிற்றில் வந்தவர்கள் என்று பொருள். இந்த அமைப்பு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆலையடிவேம்பு, கோளாவில், பனங்காடு, தம்பிலுவில், திருக்கோவில் என்று பக்கத்தில் உள்ள தமிழ் இந்துக்களிடமும் இதே தாய்வழிக் குடிதான். மட்டக்களப்பின் முக்குவர் சாதியினரிடையே உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று வழங்கும் பெயர்கள் புகழ்பெற்றவை. சில குடிப்பெயர்கள் இரு சமூகங்களிலும் கேட்கின்றன. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தன் பெரிய நூலில் இந்த இரு சமூகங்களின் குடி முறைகளையும் ஒன்றாக வைத்தே எழுதினார். அப்படி எழுதினால்தான் எதுவும் விளங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நடுவில் முப்பது ஆண்டு யுத்தம் இரு பக்கத்தையும் பிரித்துப் போட்டிருந்த காலத்திலும் அவர் அப்படியே எழுதியதை நான் மதிக்கிறேன்.

இரண்டு பெயர்களையும் ஒரு மனிதனிடம் வைத்துப் பார்த்தால் ஒப்பீடு தெளிவாகும். காரியப்பர் வீட்டு ஆண் ஒருவனுக்கு இரண்டு பெயர்கள்: வாப்பாவிடமிருந்து காரியப்பர், உம்மாவிடமிருந்து ஒரு குடி. காரியப்பரை அவன் மகனுக்குக் கொடுப்பான். குடி அவனோடு நின்றுவிடும். அவன் தங்கைக்கும் அதே இரண்டு பெயர்கள். குடியை அவள் பேரப்பிள்ளை வரை அனுப்புவாள், காரியப்பர் அவளோடு நின்றுவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே இரண்டு பெயர்களோடு கிளம்பி, ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். இதில் அண்ணன் கொண்டுபோவது மட்டும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

கல்யாணத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. சாச்சியின் மகள் தங்கச்சி முறை. மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை, ஆனால் அவளுக்கும் எனக்கும் ஒரே குடி. மாமாவின் மகளைக் கட்டலாம், அவள் மாமியின் குடி. மாமி வாப்பாவின் கூடப்பிறந்தவள் என்றால் அவள் மகளையும் கட்டலாம், அவள் வாப்பாவின் குடி. மச்சான், மச்சி என்ற முறைச்சொற்களும் குடியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஏற்பாடு இது. பேச்சு முடிந்து நிக்காஹ் வந்ததும் காட்சி தலைகீழாகிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் எழுதும் பதிவில் மணமகளின் பாதுகாவலரான வலி வேண்டும். அந்த வலி வாப்பா, அவர் இல்லையென்றால் வாப்பாவழி ஆண் ஒருவர். மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் எழுதப்படும், பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலி எழுதப்படும். குடியைப் பதிவேடு கேட்பதில்லை. கல்யாணம் நடக்கலாமா கூடாதா என்று தீர்மானித்த பெயர், நடந்த கல்யாணத்தின் பத்திரத்தில் இல்லை.

எழுதாத பெயர்தானே என்று அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. பள்ளிவாசல் நிருவாகம் நெடுங்காலம் குடிகளின் கையில் இருந்தது. குடிக்கு ஒரு மரைக்கார், மரைக்கார்மார் கூடினால் சபை. கோயில்களில் அதே இடத்தில் வண்ணக்கர். திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு, பங்கு யாருக்கு முதலில் என்பதில் சண்டை வந்து வழக்குமன்றம் போன ஊர்கள் உண்டு. 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்துக்குப் பிறகு பள்ளிவாசல்கள் பதிவாகி, நம்பிக்கையாளர்களின் பெயர்கள் கொழும்புக்குப் போகத் தொடங்கின. போனவை முதலெழுத்தோடு கூடிய பெயர்கள். எந்தக் குடியின் சார்பில் அவர் அங்கே உட்கார்ந்தார் என்பது ஊரோடு நின்றது.

குடிப்பெயர்களின் பிறப்பைப் பற்றிக் கரையில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. முக்குவருக்கும் திமிலர் என்ற இன்னொரு சாதியினருக்கும் சண்டை வந்தபோது பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள். திமிலர் விரட்டப்பட்டார்கள். நன்றிக்கடனாக முக்குவர் பெண் கொடுத்தார்கள், பெண்ணோடு குடியும் வந்தது. மட்டக்களப்பு வரலாறு பேசும் நூல்கள் பலவும் இதைத் திருப்பிச் சொல்கின்றன. போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து துரத்திய முஸ்லிம்களில் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது இன்னொரு செய்தி. கதையின் சண்டைக்காட்சிகளை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் அது ஒரு நிலையை ஒளிக்காமல் சொல்கிறது: வந்தவர்கள் ஆண்கள், இருந்தவர்கள் பெண்கள், வீடும் நிலமும் குடியும் பெண்களின் பக்கம். இன்று ஒரு அக்கரைப்பற்று முஸ்லிமின் எழுதிய பெயர் முழுக்க அறபியாக இருக்க, குடிப்பெயர்கள் பெரும்பாலும் தமிழில் ஒலிப்பதை வேறு எப்படி விளக்குவது?

சரி, அரிது என்பது என்ன? 1873இல் பிரான்சிஸ் கால்டன் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு கணக்குப் போட்டார். புகழ்பெற்ற குடும்பப்பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன? குடும்பம் மலடாகிவிட்டதா, அல்லது வெறும் தற்செயலா? மறுவருடம் வாட்சன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து விடையை வெளியிட்டார். ஆண் பிள்ளை வழியாக மட்டும் பெயர் போகும் என்றால், ஒரு தலைமுறையில் எல்லாம் பெண் பிள்ளைகளாகப் பிறந்தாலே பெயர் முடிந்தது. ஆட்கள் குறையத் தேவையில்லை. சிலரிடம் மட்டும் உள்ள பெயருக்கு இந்த ஆபத்து மிக அதிகம். காரியப்பருக்குப் பொருந்தும் கணக்கு இது. குடிக்கும் இதே கணக்கை ஆண் என்ற இடத்தில் பெண் என்று மாற்றி அப்படியே போடலாம். பெண் பிள்ளை இல்லாத வீட்டில் குடி முடிகிறது. ஏழு ஆண் மக்களைப் பெற்ற உம்மாவை ஊர் வாழ்த்தும், அவள் வயிற்றுவார் அந்த மக்களோடு அறுந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. கணிதத்தில் இரண்டும் சமம். ஊரில் மட்டும் சமமில்லை, ஏனென்றால் ஒரு பெயர் அழிந்தால் பதிவேட்டில் இடைவெளி தெரியும், மற்றது அழிந்தால் எங்கேயும் தெரியாது.

பெயர் பெருகிக் கிடப்பதற்கும் இதே போல ஒரு மறுபக்கம் உண்டு. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். கேட்பவருக்கு எல்லோரும் ஒன்று போலத் தெரியும். கொரியருக்கு அப்படித் தெரியாது, ஏனென்றால் எந்த ஊரை மூலமாகக் கொண்ட கிம் என்று சொல்லும் இரண்டாவது பெயர் ஒன்று பின்னால் இருக்கிறது. பெயரும் மூல ஊரும் ஒன்றானவர்கள் மணக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவருக்கு இதைச் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது. முஹம்மதுகளும் லெப்பைகளும் நிறைந்த ஊரில், யார் யாருக்கு அந்நியர், யார் யாருக்கு உடன்பிறப்பு என்று பிரித்துத் தருவது எழுதாத அந்த இரண்டாவது பெயர்தான்.

தாய்வழிப் பெயரை எழுதவே முடியாது என்றும் சொல்ல முடியாது. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் முஸ்லிம்கள் தாய்வழிக் குலத்தைச் சுக்கு என்பார்கள். கோத்தோ, பிலியாங், சனியாகோ என்ற சுக்குப் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்பவர்கள் அங்கே உண்டு. கண்ணூரின் அறக்கல் முஸ்லிம் அரச குடும்பம் தாய்வழிதான். ஆண் மூத்தால் அலி ராஜா, பெண் மூத்தால் பீவி என்று ஆட்சி நடந்தது, அறக்கல் என்ற வீட்டுப்பெயர் ஒப்பந்தங்களில் ஏறியது. எங்கள் கரையில் அது ஏறாததற்கு மார்க்கம் காரணம் என்று சிலர் சொல்வதை இதனால் ஏற்க முடியவில்லை. காரணம் காணியும் பேனையும்.

முக்குவர் சட்டம் என்று வழங்கிய தாய்வழி உரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டு வந்த வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறையின் சட்ட பலத்தை எடுத்துவிட்டது. எழுத்தில் ஏறிய வருடமே அது செல்லாமல் போனது. வழக்கம் சீதனத்தின் வழியாகத் தப்பிப் பிழைத்தது: மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளைய பிள்ளைகளோடு பக்கத்து வளவில் புது வீடு கட்டிப் போவார்கள். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார். அதனால் ஒரே ஒழுங்கையில் ராத்தா, தங்கச்சி, சாச்சி என்று ஒரே குடிப் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். அந்த வரிசையையே குடியின் பதிவேடு என்று சொல்லலாம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியின் வாரிசு வரிசையில் ஆணை முன்னால் நிறுத்தியது. அதன் பிறகு 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை கரையோரத்தில் சீதன வீடுகள் அடியோடு போயின. மாற்று வீடு கொடுத்தபோது படிவங்களில் குடும்பத் தலைவர் என்ற கட்டம் இருந்தது, அந்தக் கட்டத்தில் கணவன் பெயர் விழுந்தது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வளவு, பல இடங்களில் மருமகனின் பெயரில் மறுபடி பிறந்தது. ஒழுங்கை கலைந்தது. ஒழுங்கை கலைந்தால் குடியை ஞாபகம் வைத்திருக்க இடமில்லை.

குடியில் எல்லாம் நல்லது என்று நான் எழுதவில்லை. பெரிய குடி, சின்னக் குடி என்ற ஏற்றத்தாழ்வு அதில் இருந்தது, பள்ளிவாசல் பதவிக்குச் சில குடிகள் மட்டும் உரிமை கொண்டாடின. இளையவர்கள் அதைக் கேட்க விரும்பாததில் நியாயம் உண்டு. ஆனால் காரியப்பர், போடி, வன்னியனார் என்ற பட்டங்களும் அதே ஏற்றத்தாழ்வில் பிறந்தவைதான், அவற்றை யாரும் மறைத்துப் பேசுவதில்லை. ஆண்வழிப் பெருமை வரலாறு என்றும், பெண்வழிப் பெருமை பழைய பழக்கம் என்றும் பிரித்துப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டில் ஊரை அதிகம் சொல்வது எது என்று கேட்டால் என் தீர்ப்பு குடியின் பக்கம். காரியப்பர் ஒரு குடும்பத்தைச் சொல்கிறது. குடி ஒவ்வொரு வீட்டையும் மற்ற வீடுகளோடு இணைத்துச் சொல்கிறது, தமிழரையும் முஸ்லிமையும் சேர்த்துச் சொல்கிறது.

எனவே இதைப் படிக்கும் கிழக்குக் கரைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவர் குடியை, அவர் உம்மாவின் பெயரை, அந்த உம்மா இருந்த வளவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதோடு வாப்பாவின் குடியையும் எழுதுங்கள். அது உங்களுடைய குடியல்ல, வாப்பாவுக்குச் சகோதரிகள் இல்லையென்றால் அதைச் சொல்ல அவருக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.